பையைத் திறங்க, பாய்

வருடா வருடம் டிசம்பர் முதல் வாரம் வந்தால் நம் ஊர்ப் பத்திரிகைகளில் ஒரே செய்திதான். ரயில் நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடவும் படம், மோப்ப நாய் படம், பயணி ஒருவரின் பையை மேஜையில் வைத்துத் திறக்கும் படம். போன வருடப் படத்தையே எடுத்துப் போட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. பிப்ரவரி 14 நெருங்கும்போதும் இதே கதைதான். நமக்குப் பழகிவிட்டது. காபியைக் குடித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

நான் மட்டும் அந்தப் படத்தில் பைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவன் நான். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பழைய கதை தெரியும். ஆனால் என் பேரன் வயதுப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி 14 என்றால் வேறு ஞாபகம்தான் வருகிறது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. 1993 ஆகஸ்ட் 8-இல் சென்னை சேத்துப்பட்டில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள். அந்த வருடங்களில்தான் நம் ஊரில் கோட்டைமேட்டைச் சுற்றிப் போலீஸ் சாவடிகள் வந்தன. உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் நின்று சோதனைக்கு உட்பட்டுத்தான் போக வேண்டும். பால் வாங்கப் போகிற பெண்ணும் பள்ளிக்கூடம் போகிற பையனும்கூட. 'எங்களை ஊரோடு குற்றவாளி ஆக்குகிறீர்கள்' என்று அங்குள்ளவர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். 1996-இல் ஆட்சி மாறிய பிறகு சாவடிகள் எடுக்கப்பட்டன.

1997 நவம்பர் 29-இல் உக்கடம் பக்கம் செல்வராஜ் என்ற போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். பணியில் இருந்த ஒரு சாதாரணக் காவலர். அதற்கடுத்த இரண்டு நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். கடைகள் எரிந்தன. ஒரு வாரத்தில், டிசம்பர் 6 அன்று, சேரன், பாண்டியன், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் மூன்றிலும் குண்டு வெடித்தது. 1998 பிப்ரவரி 14 சனிக்கிழமை, தேர்தல் பிரச்சாரத்துக்கு அத்வானி ஆர்.எஸ்.புரத்துக்கு வரவிருந்த மாலையில், ஊர் முழுக்க 11 இடங்களில் 12 குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். குண்டுகள் காரில் இருந்தன, சைக்கிளில் இருந்தன, பைகளில் இருந்தன, பழவண்டியில்கூட இருந்தன.

அன்று மாலை பெரியாஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே பார்த்ததை எழுத மாட்டேன். ஆனால் அதைப் பார்த்தவன் என்பதைச் சொல்லியாக வேண்டும். 'சோதனையே கூடாது' என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. ஊருக்குக் காவல் வேண்டும். அல்-உம்மா தடை செய்யப்பட்டதிலோ, விசாரணை முடிந்து 2007-இல் 150-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டதிலோ எனக்கு வருத்தமில்லை. அதே வழக்கில் 9 வருடத்துக்கு மேல் ஜாமீன் இல்லாமல் உள்ளே இருந்த கேரளத்து மதானியை அதே நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்ததையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

இனி என் கதை.

நான் வேலை பார்த்தது ஒரு மத்திய அரசு அலுவலகம். 1984-இல் என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர். பெயர் வேண்டாம், அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிட்டபடி பாய் என்றே சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்து மேஜை. வீடு கோட்டைமேடு. கணக்கில் புலி. நான் கூட்டிய பட்டியலில் காசு உதைத்தால் என் கையில் இருந்து வாங்கி, பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்து, 'இங்க பாருங்க சார், மூணை எட்டுன்னு படிச்சிருக்கீங்க' என்பார்.

ரம்ஜான் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு வெளியே போய்த் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி வாங்கி வருவார். அவர் குடிப்பதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். ஆனால் எங்களுக்கெல்லாம் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். சைவக்காரர்களுக்குக் கறி போடாத கஞ்சி என்று விசாரித்து வாங்கி வருவார். அதற்காகவே சாயந்திரம் கிளம்பாமல் உட்கார்ந்திருப்போம்.

1998 பிப்ரவரிக்குப் பிறகு சாவடிகள் மறுபடி வந்தன. ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 'எடுத்திருக்கவே கூடாது' என்றுதான் பேசினோம்.

அந்த வருடக் கடைசியில் பாயின் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. ஒருநாள் ஆபீஸ் முடிந்து அவர் வீட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனி ஸ்கூட்டரில் போனோம். வழியில் ஒரு சாவடி. என் நெற்றியில் விபூதி. காவலர் என்னைப் பார்த்து, 'நீங்க எங்கீங்க சார் இந்தப் பக்கம்? பாத்துப் போங்க' என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார். பின்னால் வந்த பாயை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னார். தினமும் அதே வழியில் போகிறவர். அதே காவலர் முந்தின நாளும் திறந்து பார்த்திருப்பார். டிக்கியில் இருந்தது ஒரு குடையும் சாப்பாட்டு டப்பாவும்.

கொஞ்ச தூரம் தள்ளி நின்று காத்திருந்தேன். அவர் வந்து சேர்ந்ததும், 'பழகிருச்சுங்க சார்' என்றார். எனக்குப் பழகியிருந்தது வேறொன்று. 'பாத்துப் போங்க' என்றாரே, அந்த வார்த்தை மனசில் உட்கார்ந்துவிட்டது. பதினாலு வருடமாகப் போய் வந்த தெரு அது. அன்று முதல் தடவையாகப் பார்த்துப் போனேன்.

இதைப் பிற்பாடு யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சாவடியில் நிற்கிற காவலர் இரண்டு பேருக்குப் பாடம் எடுக்கிறார். ஒருவர், நிறுத்தப்படுகிறவர். அவருக்குக் கிடைக்கிற பாடம் எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர், நிறுத்தப்படாமல் போகிறவர். 'உன்னிடம் ஒன்றும் இருக்காது, அவரிடம் இருக்கலாம்' என்பது அவருக்கான பாடம். நூறு தடவை திறந்து ஒன்றும் கிடைக்காவிட்டால் 'ஒன்றும் இல்லை' என்று நாம் கணக்கு வைப்பதில்லை. நூறு தடவை திறந்தார்கள் என்பது மட்டும்தான் மனசில் நிற்கிறது. ஏதோ இருக்கப் போய்த்தானே திறக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது.

அடுத்த ரம்ஜான் வந்தது. பாய் வழக்கம்போலக் கஞ்சி வாங்கி வந்தார். ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவர் சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஒருவர் 'இப்பத்தாங்க காபி குடிச்சேன்' என்றார். தூக்குவாளி பாதி நிறைந்தபடியே திரும்பிப் போனது. நான் குடித்தேன். ஆனால் மற்றவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கடுத்த வருடம் சின்ன வாளியாகக் கொண்டு வந்தார்.

இப்போது 2001-க்கு வருகிறேன். அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்று மாதம் ஆகவில்லை. டிசம்பர் 5, புதன்கிழமை இரவு. எங்கள் இருவருக்கும் சென்னையில் ஆபீஸ் வேலை. நீலகிரி எக்ஸ்பிரஸில் இரண்டு படுக்கை. மறுநாள் டிசம்பர் 6 என்பதால் ஸ்டேஷன் வாசலிலேயே மேஜை போட்டு வரிசை கட்டியிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர்.

என் பெட்டியை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு 'போங்க சார்' என்றார்கள். அடுத்து, 'பையைத் திறங்க, பாய்.' பெயர் கேட்கவில்லை. தாடியையும் தொப்பியையும் பார்த்தே பாய் என்று கூப்பிட்டார் அந்தக் காவலர். நாங்களும் அதே வார்த்தையைத்தான் பதினேழு வருடமாகச் சொல்கிறோம். அன்று அது வேறு வார்த்தையாகக் கேட்டது.

ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்கள். லுங்கி, துண்டு, ஆபீஸ் ஃபைல், மருந்துச் சீட்டு, பல்பொடி. கடைசியாக இரண்டடுக்கு டிபன் கேரியர். நோன்பு மாதம் ஆயிற்றே, விடியற்காலை சஹருக்கு வீட்டில் கட்டிக் கொடுத்த சப்பாத்தியும் குருமாவும். அதையும் திறந்தார்கள். குருமா வாசனை வந்தது. வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். காவலர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர் வேலையை அவர் செய்தார். 'சரி, எடுத்துக்குங்க' என்றார். பாய் ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கினார். அவசரத்தில் அடுக்கு சரியாக மூடவில்லை, ஃபைலில் குருமா பட்டுவிட்டது.

வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் எங்கள் பெட்டியிலேயே ஏறினார்கள். அதில் ஒருவர் என்னிடம் தாழ்ந்த குரலில், 'அவரு பை எதுங்க?' என்று கேட்டார். காட்டினேன். அவருக்குக் கீழே இருந்தது. 'கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்களேன்' என்றார். நான் சொல்லவில்லை. நானே தள்ளி வைத்தேன். என் படுக்கைக்குக் கீழே.

காலை மூன்றரை மணி சுமாருக்கு விழிப்பு வந்தது. எதிர்ப் படுக்கையில் பாய் இல்லை. பை மட்டும் எனக்குக் கீழே இருந்தது. பெட்டியில் எல்லோரும் தூக்கம். நாலு வருடம் முன்னால் இதே தேதியில் ரயிலில் குண்டு வெடித்தது ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. காலைத் தொங்கவிட்டு அந்தப் பையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். துணிதான் தட்டுப்பட்டது. மறுபடி அழுத்திப் பார்த்தேன்.

அந்தப் பையில் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இருந்தும் தொட்டேன்.

தலையை நிமிர்த்தினால் பாய் நடைபாதையில் நிற்கிறார். கையில் டிபன் கேரியர், முகம் கழுவி ஈரமாக இருந்தது. யார் தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம் என்று கதவுப் பக்கம் வாஷ்பேசின் அருகே நின்றே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. 'தண்ணி வேணுங்களா சார்?' என்றார். 'வேண்டாம் பாய்' என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே பாராளுமன்றத்தின் மேல் தாக்குதல் நடந்தது. அதற்குப் பிறகு எந்தப் பையும் சும்மா பை இல்லை என்று ஆகிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நம் ஊரில் மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. அமெரிக்காவில் 2002-இல் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும். வட கொரியாவைத் தவிர மற்றவை முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகள். 80,000 பேருக்கு மேல் தாங்களாகவே போய்ப் பதிந்தார்கள். 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. பயங்கரவாதக் குற்றம் என்று ஒருவர்கூட அதன் மூலம் தண்டிக்கப்படவில்லை. 2011-இல் நிறுத்தி, 2016 கடைசியில் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்று ஒரு சட்டப் பிரிவு இருந்தது. 2009-10-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நிறுத்தினார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்கு ஒரு கைதுகூட இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010 ஜனவரியில் அது தவறு என்று தீர்ப்புச் சொன்னது.

நம் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாமையே 2009-இல் டெல்லி விமான நிலையத்தில் ஒரு அமெரிக்க விமான நிறுவனத்தார் சோதித்தார்கள். நாட்டின் முன்னாள் ஜனாதிபதிக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. 2011-இல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்து கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. நாடே கொதித்தது, நானும் கொதித்தேன். அன்று இரவுதான் நினைத்துப் பார்த்தேன்: கலாமுக்குக் கொதித்த நான், பாய்க்கு ஏன் கொதிக்கவில்லை?

இன்னொன்றும் தோன்றியது. பெயரைக் கேட்டே நிறுத்தப்படுவது தமிழனுக்குத் தெரியாத விஷயமா? கொழும்புச் சாவடிகளில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தவுடன் ஓரமாக நிற்கச் சொன்னதைப் படித்து எத்தனை வருடம் மனம் புழுங்கியிருக்கிறோம். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பேருந்தில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. நாமும் சளைத்தவர்கள் இல்லை. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இலங்கைத் தமிழர் என்று தெரிந்தால் நம் ஊரிலேயே வீடு கொடுக்கத் தயங்கினோம்.

2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கையில் இதெல்லாம் வருகிறது. வாடகைக்கு வீடு கிடைக்காததும், தாடியும் தொப்பியும் வைத்தவர்களைப் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் பிடித்து விசாரிப்பதும். அதனால் அவர்கள் தங்கள் ஆட்கள் இருக்கும் தெருவுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்வதும். நம் ஊரில் கண்ணெதிரே நடந்தது அது. 1998-க்குப் பிறகு கலந்து இருந்த தெருக்கள் பிரிந்தன. அவர்கள் கரும்புக்கடைப் பக்கம் போனார்கள், நம்மவர்கள் கோட்டைமேட்டை விட்டு வந்தார்கள். ஒதுங்கிய பிறகு 'ஏன் ஒதுங்கி இருக்கிறார்கள்?' என்று கேட்கவும் ஆரம்பித்தோம்.

காலையில் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் போலீஸ் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இதைப் பேசினால் கோபப்படுவார். 'குண்டு வெச்சவன் அந்தத் தெருவுல இருந்துதானே சார் வந்தான்? நாங்க எங்க போய்த் தேடறது?' என்பார். நியாயமான கேள்வி, மறுக்க மாட்டேன். ஆனால் அவரே இன்னொரு நாள் சொன்னார்: மேஜையில் பையைத் திறந்து அவர் எதையும் பிடித்ததில்லையாம். எப்போதும் யாராவது வந்து காதில் சொல்லித்தான் பிடித்திருக்கிறார். 'அந்தச் சொன்ன ஆளு யாருங்க?' என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தவர், 'அந்தத் தெருக்காரங்கதான்' என்றார்.

விமான நிலையத்தில் எல்லோர் பையும் எந்திரத்துக்குள் போகிறது. மந்திரி சொந்தக்காரன் பையும் போகிறது. அதில் யாருக்கும் மனக்கசப்பு வருவதில்லை. எல்லோரையும் சோதிக்கட்டும், எத்தனை நேரம் ஆனாலும் நிற்கிறேன். முகத்தைப் பார்த்துப் பொறுக்கும்போதுதான் வினை வருகிறது.

2022 தீபாவளிக்கு முந்தின நாள், அக்டோபர் 23 விடியற்காலை, கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது எல்லோருக்கும் தெரியும். காரில் வந்தவன் செத்தான். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் முழுக்கப் போலீஸ். மறுபடியும் 98 வந்துவிடுமோ என்று பயந்தோம். வரவில்லை. சில நாள் கழித்து அந்தப் பகுதி ஜமாஅத்துக்காரர்கள் கோயிலுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பெரிய விஷயம் அது.

தீபாவளியன்று பாய் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். ரம்ஜானுக்கு அவர் வீட்டில் எனக்கென்று தனிப் பாத்திரத்தில் சேமியா பாயசம், தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அவருக்கு அதிரசம். அன்று காலை போன் பண்ணினார். 'இந்த வருஷம் நான் வரலீங்க சார். வழியெல்லாம் செக்கிங். உங்க தெருவுல யாராச்சும் பாத்தா உங்களுக்குத்தான் சங்கடம்.'

டப்பாவில் அதிரசத்தைப் போட்டுக்கொண்டு நானே கரும்புக்கடைக்குக் கிளம்பினேன். வழியில் நிறுத்தினார்கள். 'எங்க சார் போறீங்க?' 'நண்பர் வீட்டுக்கு.' 'சரிங்க, ஹேப்பி தீபாவளி.' டப்பாவை யாரும் திறக்கவில்லை. 'திறந்து பாருங்க' என்றேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, 'போங்க தாத்தா' என்றான்.

பாய்க்கும் வயதாகிவிட்டது, முட்டி வலி. அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அன்று எப்படித்தான் தைரியம் வந்ததோ, அந்த ரயில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கால் விரலால் தொட்டதை, இரண்டாவது தடவை அழுத்திப் பார்த்ததை, ஒன்று விடாமல்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு துண்டு அதிரசம் எடுத்தார்.

'தெரியுங்க சார். பாத்தேன்' என்றார். 'நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? ராத்திரி நீங்க தூங்கின பொறவு நானே அந்தப் பையை இன்னொருக்கா முழுசாத் தொறந்து பாத்தேன். மேஜையில கொட்டினாங்கல்ல, யாராச்சும் எதையாச்சும் உள்ள போட்டுட்டாங்களோன்னு ஒரு பயம். எம் பையத்தான் சார். எனக்கே நம்பிக்கை இல்ல.'

அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முட்டி வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறார் என்று கேட்டேன். கிளம்பும்போது டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். காலியாகக் கொடுக்கக் கூடாது என்று அவர் வீட்டம்மா அதில் நாலு வாழைப்பழம் போட்டிருந்தார்.